முன்மேசை காலி: உள்ளூர் வானொலியில் ஆள் குறைவது எப்படி

வானொலி நிலையத்தில் ஆட்குறைப்பு என்று கேள்விப்பட்டதும் நமக்கெல்லாம் ஒரே காட்சிதான் தோன்றும். மைக் முன்னால் இருந்த அறிவிப்பாளர் எழுந்து போகிறார். அவர் நாற்காலியில் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்கிறது. "எல்லாம் ஆட்டோமேஷன் பண்ற வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். அறிவிப்பாளரின் குரல் நமக்குப் பழக்கம். அது நின்றால் உடனே தெரிந்துவிடும். அதே கட்டடத்தின் வாசல் பக்கம் இருந்த நாலைந்து பேர் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனது கேட்கிறவர் யாருக்கும் தெரியாது. அவர்கள் ஒரு நாளும் மைக்கில் பேசியதில்லையே.

இந்தக் கட்டுரை அந்த வாசல் பக்கத்தைப் பற்றியது. அமெரிக்க உள்ளூர் வானொலியை எடுத்துக்கொள்கிறேன். அங்கே வானொலியில் பெரும்பகுதி தனியார் கையில், விளம்பரக் காசில் ஓடுகிறது. மாற்றங்களும் இன்ன வருடம், இன்ன சட்டம் என்று தடம் பிடித்துச் சொல்லும்படி நடந்திருக்கின்றன.

## ஃப்ரண்ட் ஆபீஸ் என்பது யார்?

ஒரு மருத்துவமனையை நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராகவும் இருக்கட்டும். சீட்டு போடுகிறவர், பழைய ஃபைலைத் தேடி எடுத்துத் தருகிறவர், பில் போடுகிறவர் மூன்று பேரும் ஒரு நாள் வரவில்லை என்றால் என்ன ஆகும்? வைத்தியம் நடக்கும், மருத்துவமனை நடக்காது.

வானொலியிலும் அப்படித்தான். ஸ்டூடியோவில் இருப்பவர்கள் ஒரு பக்கம். மறு பக்கத்தில் இருப்பவர்கள் ஃப்ரண்ட் ஆபீஸ், அதாவது முன்மேசை: வரவேற்பாளர், விளம்பரங்களுக்கு நேரம் ஒதுக்குகிறவர், விளம்பர வாசகம் எழுதுகிறவர், கணக்கு பார்க்கிறவர், விற்பனையாட்கள், இவர்களுக்கெல்லாம் மேலே ஒரு மேலாளர். அமெரிக்காவில் விளையாட்டு அணிகளைப் பற்றிப் பேசும்போது இதே சொல் நிர்வாகத் தலைமையைக் குறிக்கும், அதனால் சிலர் குழம்பிப்போகிறார்கள். வானொலியில் அதற்குப் பொருள் எளியது. ஊரோடும் காசோடும் நேரடியாகத் தொடர்பில் இருப்பவர்கள் அவர்கள்.

இதில் வரவேற்பாளரை மட்டும் வைத்து, "ஒரு ரிசப்ஷனிஸ்ட் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குப் பதில் சொல்ல, நிலையம் எதை விற்றுப் பிழைக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

## மிஞ்சினால் நாளைக்கு ஆகாத சரக்கு

நிலையம் விற்பது பாட்டை என்று நினைக்கிறோம். பாட்டு நமக்கு இலவசம். விளம்பரதாரருக்கு அது விற்பது நிமிடங்களை.

கிளம்பிவிட்ட பஸ்ஸில் காலியாகப் போகும் சீட்டை நாளைக்கு விற்க முடியாது. வானொலி நிமிடமும் அந்த ரகம். இன்று காலை 7:20-க்கு விற்காமல் போன அரை நிமிடம் போனதுதான். நாளை 7:20 என்பது வேறு சரக்கு. அதே சமயம், இல்லாத சீட்டை இரண்டு பேருக்கு விற்றுவிட்டாலும் சண்டை வரும். ஆகவே ஒவ்வொரு அரை நிமிடமும் யாருக்கு, என்ன விலைக்கு, எந்த இடத்தில் என்று கணக்கு வைக்க ஓர் ஆள் வேண்டும். அமெரிக்க வானொலியில் அந்த வேலைக்குப் பெயர் டிராஃபிக்.

## டிராஃபிக்: சாலை நெரிசல் சமாச்சாரம் இல்லை

வானொலியில் டிராஃபிக் துறை என்று சொன்னால், ஹெலிகாப்டரில் பறந்து எந்தச் சாலை அடைத்திருக்கிறது என்று சொல்பவர்கள் என்றுதான் பத்தில் ஒன்பது பேர் நினைப்பார்கள். உண்மையில் இது விளம்பரங்களின் போக்குவரத்து. கட்டடத்திலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட வேலை இதுதான் என்பேன். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு கற்பனை நிலையம். ஊரில் உள்ள ஃபர்னிச்சர் கடைக்காரர் நாலு வாரத்துக்கு, வாரம் 20 ஸ்பாட், எல்லாம் காலை 6 முதல் 10 மணிக்குள் வரவேண்டும் என்று வாங்கியிருக்கிறார். ஸ்பாட் என்றால் ஒரு முறை ஒலிபரப்பாகும் ஒரு விளம்பரம். காலை 6 முதல் 10 வரை என்பது மக்கள் காரில் வேலைக்குப் போகும் நேரம், அதனால் பெரும்பாலான நிலையங்களில் அதற்குத்தான் விலை அதிகம். விற்பனையாள் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து டிராஃபிக் மேசையில் வைக்கிறார். அதே காலை நேரத்தை ஒரு வங்கியும் இரண்டு கார் விற்பனையாளர்களும் கேட்டிருக்கிறார்கள். வங்கி, இடைவேளையில் முதல் விளம்பரம் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று கூடுதல் காசு கொடுத்திருக்கிறது. இரண்டு கார்க்காரர்களும் ஒரே இடைவேளையில் வரக்கூடாது. வந்தால் இருவருமே போன் போடுவார்கள்.

டிராஃபிக் மேசையில் இருப்பவர் இதையெல்லாம் பொருத்தி ஒரு பட்டியல் தயாரிக்கிறார். 7:20 இடைவேளை: முதலில் வங்கி, அப்புறம் முதல் கார்க்காரர், அப்புறம் ஃபர்னிச்சர். இரண்டாவது கார்க்காரர் 7:40-க்குத் தள்ளப்படுகிறார். இப்படி ஒரு நாள் முழுவதும் நிமிட வாரியாக எது போகவேண்டும் என்று சொல்லும் பட்டியலுக்கு லாக் என்று பெயர். ஸ்டூடியோவுக்கு அதுதான் வேதவாக்கு.

மறுநாள் காலை 7:19-க்குப் புயல் எச்சரிக்கை வருகிறது. அறிவிப்பாளர் விடாமல் பேசுகிறார், பேசத்தான் வேண்டும். 7:20 இடைவேளை அப்படியே போய்விடுகிறது. அடுத்த நாள் டிராஃபிக் மேசையில், போகவேண்டியது என்ன, போனது என்ன என்று இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஃபர்னிச்சர் ஸ்பாட் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கடைக்காரருக்குப் போன் போகிறது: "நேத்து 7:20 போகல சார், வெள்ளிக்கிழமை அதே நேரத்துல போட்டுடட்டுமா?" இந்த ஈடுகட்டும் ஸ்பாட்டைத் தொழிலில் மேக்-குட் என்கிறார்கள். போன் வராமல் பில் மட்டும் போயிருந்தால் அந்தக் கடைக்காரர் அடுத்த மாதம் இருக்கமாட்டார்.

இதோடு வேலை முடியவில்லை. சில விளம்பரங்களுக்குப் பாதிக் காசைப் பொருளைத் தயாரிக்கும் கம்பெனி கொடுக்கும். எந்த வாசகம், எத்தனை முறை, என்ன விலைக்குப் போனது என்று நிலையம் கையெழுத்துப் போட்ட சான்று கொடுத்தால்தான் கடைக்காரர் அந்தப் பணத்தை வாங்க முடியும். அதையும் தயாரிப்பது பெரும்பாலும் இதே மேசை. மாதக் கணக்கு முடிப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. விளம்பரத் தொழிலின் மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடும். திங்கட்கிழமை அடுத்த மாதம் பிறந்துவிடும், சுவரில் தொங்கும் காலண்டர் என்ன சொன்னாலும் சரி.

இதுவரை பார்த்தது: நிலையம் விற்பது நிமிடம். அந்த நிமிடத்தை ஒதுக்கி, போனதா என்று சரிபார்த்து, காசாக மாற்றுவது டிராஃபிக்.

## வரவேற்பு மேசை

வரவேற்பாளரின் வேலையைத் தாளில் எழுதினால் ஏழெட்டு வரிதான் வரும். போன் எடுப்பது, வந்தவரை உட்காரவைப்பது, தபால் பிரிப்பது, போட்டியில் ஜெயித்தவர் வந்தால் அடையாள அட்டையைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, பரிசுக் கூப்பனைக் கொடுப்பது. வேலைகளை ஒப்பிட்டு ஆள் குறைக்க வருகிறவர்கள் பார்ப்பது இந்தத் தாளைத்தான்.

தாளில் இல்லாதது வேறு. காணாமல்போன நாயைப் பற்றி அறிவிக்கச் சொல்லி வருகிறவர், சர்ச் நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு நோட்டீஸ் கொண்டுவருகிறவர், காலை நிகழ்ச்சியில் சொன்ன ஒரு வார்த்தை பிடிக்காமல் கத்த வந்தவர், எல்லோரும் முதலில் மோதுவது இந்த மேசையில். எந்தக் கடை மூடப்போகிறது, எந்தப் பள்ளியில் என்ன பிரச்சினை என்று செய்திப் பிரிவுக்குத் தெரியும் முன்னால் இங்கே தெரியும். நிலையத்துக்குக் காது என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருந்தது.

சட்டமும் இந்த மேசையை நாடியே இருந்தது. அமெரிக்காவில் ஒலிபரப்பு உரிமம் கொடுப்பது எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம். ஒவ்வொரு நிலையமும் ஒரு பொதுக் கோப்பு வைத்திருக்கவேண்டும் என்பது அதன் விதி. உரிம விவரம், ஊர்ப் பிரச்சினைகளைப் பற்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னென்ன நிகழ்ச்சி போட்டோம் என்ற பட்டியல், தேர்தல் விளம்பரத்தை யார், எவ்வளவு கொடுத்து வாங்கினார்கள் என்ற கணக்கு, இவையெல்லாம் அதில் இருக்கும். கோப்புகள் இணையத்துக்குப் போகும்வரை யார் வேண்டுமானாலும் அலுவலக நேரத்தில் உள்ளே வந்து "கோப்பைக் காட்டுங்கள்" என்று கேட்க முடிந்தது. ஏன் கேட்கிறீர்கள் என்று விசாரிக்கக்கூடாது என்றிருந்தது. அந்தக் கோப்பை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் பெரும்பாலும் யாரென்று சொல்லவேண்டியதில்லை.

## இயந்திரம் வந்தது முதலில், ஆள் போனது பின்னால்

இப்போது ஆள் எப்படிக் குறைந்தார்கள் என்ற கதைக்கு வருவோம். "கம்ப்யூட்டர் வந்தது, ஆள் போனார்கள்" என்ற விளக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆட்டோமேஷன் கம்ப்யூட்டருக்கு முந்தியது.

1960-களின் கடைசியிலும் 70-களிலும் கலிஃபோர்னியாவின் டிரேக்-செனால்ட் போன்ற நிறுவனங்கள் பெரிய டேப் சுருள்களில் பாட்டுகளைப் பதிவு செய்து நிலையங்களுக்கு அனுப்பின. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் 25 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஓர் ஒலி பதிவாகியிருக்கும். வீட்டு ரேடியோவில் அது காதில் விழாது. ஆனால் ஸ்டூடியோ இயந்திரம் அதைப் புரிந்துகொண்டு அடுத்த டேப்பை ஓடவிடும். அறிவிப்பாளர் இல்லாமலே மணிக்கணக்கில் நிலையம் ஓடியது. ஆனால் அதே காலத்தில் அதே கட்டடத்தின் முன்பக்கம் ஆட்களால் நிறைந்திருந்தது. பாட்டை இயந்திரம் போட்டது. விளம்பரம் வாங்க, லாக் எழுத, பில் அனுப்ப மனிதர் வேண்டியிருந்தது.

பிறகு வந்தது வாய்ஸ் டிராக்கிங். அறிவிப்பாளர் பாட்டுகளுக்கு இடையில் பேசவேண்டியதை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்துவைப்பார். கம்ப்யூட்டர் அதைப் பாட்டோடும் விளம்பரத்தோடும் கோத்துவிடும். பாட்டு நிகழ்ச்சியில் ஒரு மணி நேரத்துக்கு அவர் பேசுவது நாலைந்து நிமிடம் என்று வையுங்கள். நாலு மணி நேர நிகழ்ச்சிக்கு 20 நிமிடப் பேச்சுதான். ஒரு மணி நேரத்துக்குள் பதிவு முடிந்துவிடும். அவரே அடுத்த ஊருக்கும் ஒன்று பதிவு செய்யலாம். கேட்கிறவருக்கு அவர் பக்கத்துத் தெருவில் இருந்து பேசுகிற மாதிரியே இருக்கும்.

இது அறிவிப்பாளர்களின் வேலையைக் குறைத்தது, சந்தேகமில்லை. ஆனால் முன்மேசை காலியானதை இது மட்டும் விளக்காது. அதற்குக் காரணம் ஸ்டூடியோவில் இல்லை, சொத்துப் பத்திரத்தில் இருக்கிறது.

## ஒரு கூரைக்குக் கீழே எத்தனை நிலையம்?

1980-களின் முதல் சில ஆண்டுகள் வரை அமெரிக்காவில் ஒரு நிறுவனம் நாடு முழுவதும் சேர்த்து 7 ஏ.எம்., 7 எஃப்.எம். நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஒரே ஊரில் பொதுவாக ஒரு ஏ.எம்., ஒரு எஃப்.எம். அவ்வளவுதான். இந்த வரம்புகள் 1984-லிருந்து படிப்படியாகத் தளர்ந்தன. 1996-இன் தொலைத்தொடர்புச் சட்டம் நாடு தழுவிய வரம்பை அடியோடு எடுத்துவிட்டது. பெரிய நகரங்களில் ஒரே நிறுவனம் 8 நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆனது.

அடுத்த சில ஆண்டுகளில் நடந்தது ஒரு சந்தை வேட்டை. டெக்சஸைச் சேர்ந்த கிளியர் சேனல் 2000-களின் தொடக்கத்தில் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்களுக்குச் சொந்தக்காரராக இருந்தது. இன்று அதன் பெயர் ஐஹார்ட்மீடியா.

ஒரே ஊரில் ஒரே முதலாளியிடம் இருக்கும் நிலையங்களின் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். இதன் கணக்கு தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். ஐந்து நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வரவேற்பாளர், ஒரு டிராஃபிக் ஆள், ஒரு கணக்காளர், ஒரு மேலாளர் என்று வையுங்கள். மொத்தம் 20 பேர். ஐந்தையும் ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவந்தால் வாசல் ஒன்றுதான், ஆகவே வரவேற்பாளர் ஒருவர் போதும். டிராஃபிக்குக்கு இரண்டு பேர், கணக்குக்கு ஒருவர், மேலாளர் ஒருவர். ஆக ஐந்து பேர். பதினைந்து பேர் வேலை போய்விட்டது, ரேடியோவில் ஒரு நொடி கூட மாறவில்லை! ஐந்து நிலையத்திலும் காலை நிகழ்ச்சிகள் முன்பு போலவே ஓடுகின்றன. (எண்கள் உதாரணத்துக்குத்தான், தர்க்கம் உண்மையானது.)

ஐந்து நிலையத்துக்கும் ஒரே குரலைப் போட்டால் கேட்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். ஐந்து நிலையத்துக்கும் ஒரே பில் மேசை இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அதனால்தான் கத்தி முதலில் விழுந்தது முன்பக்கத்தில்.

சுருக்கமாக: இயந்திரம் ஸ்டூடியோவைச் சுருக்கும் வழியைக் காட்டியது. சொத்து ஒன்றுசேர்ந்தது முன்மேசையைச் சுருக்கியது.

## கடன் என்னும் கூட்டாளி

நிலையங்களை வாங்கியவர்கள் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். 2008-இல் கிளியர் சேனலையே பெயின் கேப்பிட்டல், தாமஸ் எச். லீ என்ற இரு முதலீட்டு நிறுவனங்கள் பெருங்கடனில் வாங்கின. அதே ஆண்டுதான் பொருளாதாரம் சரிந்தது. உள்ளூர் கார்க்காரரும் ஃபர்னிச்சர் கடைக்காரரும் முதலில் வெட்டியது விளம்பரச் செலவை. மீண்டு வந்தபோது அந்தக் காசில் ஒரு பங்கு இணையத்துக்குப் போய்விட்டிருந்தது.

வருமானம் குறையும், வட்டி குறையாது. மின்சாரம், டவர் வாடகை, பாட்டு உரிமைக் கட்டணம் இவற்றில் பெரிதாகக் கைவைக்க முடியாது. கைவைக்கக்கூடிய செலவு சம்பளம் ஒன்றுதான். ஐஹார்ட்மீடியா 2018-இல் 20 பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட கடனோடு திவால் பாதுகாப்பு கேட்டது. இன்னொரு பெரிய வானொலி நிறுவனமான கியூமுலஸ் அதற்குச் சில மாதங்கள் முன்னால், 2017 நவம்பரில். அதேபோன்ற ஆடசி நிறுவனம் 2024 ஜனவரியில். மூன்றுமே கடனைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து நடக்கின்றன. ஆகவே "வானொலி நஷ்டத்தில் மூழ்குகிறது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பல உள்ளூர் நிலையங்கள் தம் அன்றாடச் செலவுக்குச் சம்பாதித்துக்கொண்டிருந்தன. மேலே உட்கார்ந்திருந்த கடனுக்குத்தான் அந்தச் சம்பாத்தியம் போதவில்லை.

2020 ஜனவரியில் ஐஹார்ட்மீடியா பல வேலைகளை ஊர்களிலிருந்து எடுத்து மையங்களுக்கு மாற்றியது. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்ததாக அப்போதே செய்திகள் வந்தன. அந்த மையங்களுக்கு நிறுவனம் வைத்த பெயர், செயற்கை நுண்ணறிவு வசதி கொண்ட "சிறப்பு மையங்கள்".

## 2017: கதவைப் பூட்டலாம்

இத்தனைக்குப் பிறகும் ஒரு விதி முன்மேசையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிலையமும் தான் உரிமம் பெற்ற ஊரிலோ அதற்கு அருகிலோ ஒரு முதன்மை ஸ்டூடியோ வைத்திருக்கவேண்டும். அலுவலக நேரத்தில் அது ஆளோடு திறந்திருக்கவேண்டும். எத்தனை ஆள் என்பதற்கு எஃப்.சி.சி. காலப்போக்கில் கொடுத்த விளக்கம்: குறைந்தது இரண்டு முழுநேரப் பணியாளர், அதில் ஒருவர் மேலாளர். சிறிய நிலையங்களில் அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் வரவேற்பு மேசையில் இருப்பவர்தான். டிராஃபிக், கணக்கு, தபால் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார்.

ஏறத்தாழ 80 ஆண்டு பழைய அந்த விதியை எஃப்.சி.சி. 2017 அக்டோபரில் 3-க்கு 2 என்ற வாக்கில் நீக்கியது. 2018 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. சொல்லப்பட்ட நியாயம் இது: யாரும் நேரில் வருவதில்லை, மின்னஞ்சல் இருக்கிறது, பொதுக் கோப்பும் இணையத்துக்குப் போகிறது. அதே ஆண்டு மார்ச் மாதத்துக்குள் வானொலிகளின் பொதுக் கோப்புகள் இணையத்துக்கு மாறவேண்டியிருந்தது. மிச்சம் வைத்தது ஒரு சின்னக் கடமையை: ஊர்க்காரர்கள் கூப்பிட உள்ளூர் எண்ணோ கட்டணமில்லா எண்ணோ ஒன்று இருக்கவேண்டும், அலுவலக நேரத்தில் அதை எடுக்கவேண்டும். எந்த ஊரில் உட்கார்ந்து எடுக்கவேண்டும் என்று விதி சொல்லவில்லை.

நீக்கத்தை ஆதரித்தவர்கள் முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். மாதம் ஒரு விருந்தாளி கூட வராத வரவேற்பறைக்கு வாடகையும் சம்பளமும் கொடுத்துக்கொண்டிருந்த ஒற்றை நிலைய முதலாளிகள் இருந்தார்கள். அவர்களுக்கு இது உயிர் பிழைக்கும் வழி. ஆனால் அவர்களுக்காகத் திறந்த கதவு பெரிய நிறுவனங்களுக்கும் திறந்தது.

## மைனாட்: தவறாகச் சொல்லப்படும் ஒரு கதை

இந்தப் பேச்சு வந்தாலே ஒருவராவது மைனாட் கதையைச் சொல்வார். வடக்கு டகோட்டாவில் உள்ள ஊர் அது. 2002 ஜனவரி 18, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குமேல், சரக்கு ரயில் தடம்புரண்டு அம்மோனியா வாயு ஊரைச் சூழ்ந்தது. ஒருவர் இறந்தார். ஊரின் ஆறு வணிக வானொலிகளும் கிளியர் சேனலுடையவை. போலீஸார் வானொலி நிலையத்துக்குப் போன் செய்தும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. "நிலையத்தில் ஆளே இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர்" என்று அன்றிலிருந்து இன்றுவரை கதை ஓடுகிறது.

ஆள் இருந்தார் என்றது நிறுவனம். பயந்துபோன ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் கூப்பிட்டதில் லைன் அடைத்துக்கொண்டது என்றது. ஒலிபரப்பை இடைமறித்து எச்சரிக்கை கொடுக்கும் அவசரக் கருவி அன்று இரவு இயங்கவில்லை, அது யார் தவறு என்று இரு தரப்பும் மோதிக்கொண்டன. ஆக, ஒற்றைக் காரணத்தில் அடங்குகிற கதை இல்லை அது. இன்னொன்று: இரவு ஒன்றரை மணிக்கு எந்தக் காலத்திலும் வரவேற்பு மேசையில் யாரும் இருந்ததில்லை. இருந்திருக்கக்கூடியவர் இரவு அறிவிப்பாளர்தான். முன்மேசை போனதற்கு மைனாட்டைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் தப்பான சாட்சியைக் கூப்பிடுகிறார்கள். ஊரிலுள்ள ஆறு குரலும் ஒரே கதவுக்குப் பின்னால் இருந்தால் அந்த ஒரு கதவைத் தட்டுவதுதான் வழி என்பதற்கு வேண்டுமானால் அது நல்ல உதாரணம்.

## வேலை எங்கே போனது?

ஆள் போனால் வேலையும் போய்விட்டது என்று நினைப்பது இன்னொரு தப்பு. லாக் இன்றும் தயாராகிறது, பில் போகிறது, பரிசு கொடுக்கப்படுகிறது. செய்கிற கைதான் வேறு.

டிராஃபிக்கை எடுத்துக்கொண்டால், பல நிறுவனங்களில் அது ஒரு மையத்துக்குப் போய்விட்டது. பல ஊர்களின் லாக்குகளை ஒரே அறையிலோ, அவரவர் வீட்டிலிருந்தோ சிலர் தயாரிக்கிறார்கள். இரண்டு கார்க்காரர்களை அடுத்தடுத்து வைக்காமல் பார்த்துக்கொள்வதை இப்போது மென்பொருளே செய்யும். நேர்மையாகச் சொன்னால், கையால் எழுதிய லாக்கைவிட இதில் தவறு குறைவு. ஆனால் மென்பொருளுக்குத் தெரிந்தது விதி, ஊர் தெரியாது. நேற்று ராத்திரி அந்த ஃபர்னிச்சர் கடை தீப்பிடித்து எரிந்துபோனது என்று வையுங்கள். ஊருக்குள் இருக்கும் டிராஃபிக் ஆள் காலையில் வண்டியில் வரும்போதே புகையைப் பார்த்திருப்பார். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அந்த ஸ்பாட்டை எடுத்திருப்பார். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் யாராவது சொன்னால்தான் எடுப்பார். அதுவரை 7:20-க்கு, "இந்த வாரம் மட்டும் எல்லா சோபாவும் பாதி விலை, உடனே வாருங்கள்" என்று அது பாடிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்க எந்தப் பொத்தானும் இல்லாமல் இல்லை. அழுத்தத் தெரிந்தவர் ஊரில் இல்லை.

வரவேற்பு மேசையின் வேலைகள் துண்டு துண்டாகச் சிதறின. போன் பதிவுக் குரலுக்கு. பரிசு மின்னஞ்சலில் வரும் டிக்கெட்டாக. நிகழ்ச்சி நோட்டீஸ் இணையப் படிவத்துக்கு. அதாவது முன்பு அந்த மேசையில் இருப்பவர் செய்த வேலையைச் சர்ச்சிலிருந்து வந்தவரே தட்டச்சு செய்கிறார். கத்த வந்தவர் சமூக ஊடகத்தில் கத்துகிறார்.

மிஞ்சிய ஆட்களின் பதவிப் பெயரைப் பார்த்தால் அடையாளமே தெரியாது. வரவேற்பாளராகச் சேர்ந்த ஒருவர் இன்று விற்பனை உதவியாளர், அலுவலக மேலாளர், இணையதளத்தில் படம் ஏற்றுபவர், நிலையம் நடத்தும் நிகழ்ச்சியில் கூடாரம் கட்டுபவர் எல்லாமாக இருப்பார். விற்பனையாட்களின் பை கூட மாறிவிட்டது. முன்பு நிமிடம் மட்டும் விற்றார்கள். இப்போது அதே கடைக்காரருக்கு இணைய விளம்பரம், பாட்காஸ்ட், சமூக ஊடகப் பதிவு என்று ஒரு மூட்டையாகக் கட்டி விற்கிறார்கள். மேலாளர் என்பவர் ஒரு நிலையத்துக்கு இல்லை, ஒரு கிளஸ்டருக்கு; சில சமயம் இரண்டு மூன்று ஊர்களுக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறவர் என்று சொல்லுங்கள்.

ஸ்டூடியோ பக்கத்திலும் அடுத்த அலை வந்துகொண்டிருக்கிறது. 2023-இல் ஆரிகன் மாநிலம் போர்ட்லண்டில் ஒரு நிலையம், தன் அறிவிப்பாளர் ஒருவரின் குரலையே செயற்கை நுண்ணறிவால் நகலெடுத்து, நிகழ்ச்சியின் ஒரு பகுதியை அந்த நகலைப் பேசவைத்தது. உலகம் முழுக்க அது செய்தியானது. ஒரு நிலையத்தின் பில் மேசை வேறு மாநிலத்துக்குப் போன நாளில் எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதியிருக்காது.

## நீங்களே பார்க்கலாம்

ஒரு நிலையத்தின் முன்பக்கம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இப்போது அங்கே போகவேண்டியதில்லை. எஃப்.சி.சி.யின் இணையதளத்தில் பொதுக் கோப்புகள் பகுதிக்குப் போய், நிலையத்தின் அழைப்புக் குறியைத் தட்டினால் போதும். டபிள்யூ அல்லது கே என்ற எழுத்தில் தொடங்கும் பெயர் அது. எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தாலும் திறக்கும். தேர்தல் காலக் கோப்பைத் திறந்து பாருங்கள்: வேட்பாளர் எந்த நாளில், எந்த நேரத்தில், ஸ்பாட் ஒன்றுக்கு எத்தனை டாலர் கொடுத்து வாங்கினார் என்று டிராஃபிக் மென்பொருளிலிருந்து வந்த தாள் அப்படியே இருக்கும். நான் மேலே விவரித்த லாக்கின் நிஜ முகம் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் ஊர்ப் பிரச்சினைப் பட்டியலையும் திறவுங்கள். ஒரே முதலாளியின் இரண்டு ஊர் நிலையங்களை எடுத்து அந்தப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில சமயம் ஊர்ப் பெயரைத் தவிர வேறு எதுவும் மாறியிருக்காது.

அந்தப் பக்கத்திலேயே நிலையத்தின் தொலைபேசி எண்ணும் இருக்கும்.